தோளை இறக்கிய இரண்டு ஆடிக்கிருத்திகை

பரமசிவம் இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போன வாரம் போனில் பேசினார். நாலாவது மாடியாம், லிஃப்ட் இருக்கிறதாம். தலை இடித்துவிடுமோ என்று அதற்குள்ளும் குனிந்துகொண்டே போய் வருகிறாராம். ஆறடி இரண்டு அங்குலம். எங்கள் காலனியில் அந்த உயரத்துக்கு இன்னொரு நெசவாளி கிடையாது. தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தால்கூட அவர் தலை ஜன்னல் வழியாகத் தெருவுக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதெல்லாம், "டீச்சர், பஸ்ஸு வந்துக்கினு இருக்குது, ஓடுங்க ஓடுங்க" என்பார். ஓடுவேன். பஸ் வந்திருக்காது. இருபது வருஷம் என்னை இப்படி ஓடவைத்தார், நானும் சலிக்காமல் ஓடினேன். இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். ஜன்னலை அடைத்து ஏ.சி. மாட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் போனாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

என் பெயர் கிரேஸ். அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் சரித்திரம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். அமெரிக்கப் புரட்சியை வருஷா வருஷம் நடத்துவேன். கடலுக்கு இந்தப் பக்கம் பதின்மூன்று குடியேற்றங்கள், அந்தப் பக்கம் ஒரு ராஜா. வரி மட்டும் வேண்டும், சபையில் இடம் கிடையாது. மனு போட்டார்கள், மதிக்கவில்லை. தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். காரணங்களை விவரி, ஐந்து மதிப்பெண். இதையே சொல்லிச் சொல்லி எனக்குத் தூக்கத்தில்கூட வரும். ஆனால் அது என் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்தபோது பாதி தாண்டும் வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை. நல்ல சரித்திர டீச்சர்தான் நான்.

காஞ்சிபுரத்துக்குள் பட்டு நெய்கிறவர்களின் பழைய தெரு ஒன்று உண்டு. பெயர் வேண்டாம், இன்றைக்கும் அங்கே போனால் எனக்குக் காபி கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. குடும்பங்கள் பெருகி, ஒரு தறி போட்ட இடத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் படுக்க வேண்டியதாகப் போகவே, தொண்ணூறுகளில் அறுபது குடும்பங்கள் ஊருக்கு வெளியே, முசரவாக்கம் போகிற பக்கம் மனை வாங்கிக் குடியேறின. அதுதான் எங்கள் காலனி. நெசவாளிகளுக்கு மூன்று தெருக்கள். அவற்றுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாக ஒரு சந்து. அந்தச் சந்தில் நெசவாளிகள் இல்லை. அப்பன் பாட்டன் காலத்தில் பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு உழைத்து, இன்றைக்கு மேஸ்திரி, ஆட்டோ டிரைவர், நர்ஸ், டீச்சர் என்று ஆன குடும்பங்கள். பாதிப் பேர் இந்து, பாதிப் பேர் கிறிஸ்தவர். சந்தின் முதல் வீடு என்னுடையது.

நெசவாளிகள் வீட்டைத்தான் மாற்றினார்களே ஒழிய கோயிலை மாற்றவில்லை. பழைய தெருவின் முருகன்தான் அவர்களுக்கும் முருகன். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று திருவிழா வரி. காலனி அறுபது வீடும் தவறாமல் கட்டியது. ஆனால் வரியை முடிவு செய்கிற கூட்டத்தில் பழைய தெருக்காரர்கள் ஜமக்காளத்தில் உட்காருவார்கள். காலனிக்காரர்கள் படிக்குக் கீழே நிற்க வேண்டும். வெளியே குடிபோனவர்களுக்கு ஜமக்காளம் இல்லை என்று எவரோ எப்போதோ சொல்லி, அது அப்படியே நிலைத்துவிட்டது.

பரமசிவத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு வேண்டியது பல்லக்குத் தண்டு. ஆடிக்கிருத்திகை சாயங்காலம் முருகன் பல்லக்கில் தெரு சுற்றி வருவார். தூக்குகிறவர்களை உயரம் பார்த்துச் சோடி சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் சாமி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முன் தண்டில் இடது பக்கம் பரமசிவம், வலது பக்கம் பழைய தெருவின் குமரகுரு. குமரகுரு பரமசிவத்தின் மனைவி இளவரசியின் அண்ணன். இருபத்தாறு வருஷம் இந்தச் சோடி மாறவில்லை. இருவருக்கும் தோளில் எலுமிச்சை அளவுக்குக் காய்ப்பு. தண்டு அழுத்தி அழுத்தி வந்தது. பரமசிவம் சட்டை போடாமல் தறியில் இருக்கும்போது அந்தக் காய்ப்பைத் தடவிக்கொண்டே பேசுவார். பெண்கள் தாலியைத் தொட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்வேன்.

இளவரசி அவருக்குக் கோர்வை போட்டவள். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் சேலைக்கு, தறியின் மறுபக்கம் ஒருத்தர் உட்கார்ந்து கரைநூல் ஓடுகிற நாடாவை வாங்கித் தர வேண்டும். முப்பது வருஷம் அவள்தான் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். இரண்டாயிரத்துப் பதினான்கில் ஒருநாள் காலை நாடாவை வாங்கியவள் திருப்பித் தரவில்லை. வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. வாய் மட்டும் பிழைத்தது, அந்த மட்டில் கடவுளுக்கு நன்றி. எங்கள் சந்தில் எனக்கு அடுத்த வீட்டுப் பட்டம்மாள் தினமும் காலையில் போய் அவளைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, தலை பின்னிவிடுவாள். சம்பளத்துக்கு இல்லை. இருவரும் ஒரே வருஷம் காலனிக்கு வந்தவர்கள், ஒரே குழாயில் சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்தவர்கள். அவ்வளவுதான் உறவு.

இளவரசி பிறந்த வீடு பழைய தெருவில் கோயிலுக்கு மூன்றாவது வீடு. பிறந்ததிலிருந்து ஆடிக்கிருத்திகைக்குச் சாமி வாசலில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள். காலனிக்கு வந்த பிறகும் அன்றைக்கு மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். படுத்த பிறகு அதுவும் போயிற்று. ஆட்டோவில் ஏற்றினால் வலியில் அலறினாள். ஒருநாள் நான் பார்க்கப் போனபோது புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க, வருசா வருசம் தூக்குறீங்களே. ஒரே ஒருவாட்டி நம்ம வாசலுக்குத் தூக்கிக்கினு வாங்களேன்."

பரமசிவம் எழுந்து தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார். ஆனால் அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உடன் காலனி சங்கச் செயலாளர் தனசேகரன். சாமி வருஷத்தில் ஒருநாள் காலனிக்கு வர வேண்டும் என்று மனு எழுத வேண்டுமாம். என் கையெழுத்து அழகாம், எனக்கு இலக்கணம் தெரியுமாம்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. என் அப்பா தாமல் ஏரிப் பாசனத்தில் அறுப்புக்குப் போனவர். அவர் காலத்தில் எங்கள் தெருவுக்குச் சாமி வருமா என்று கேட்கிற கேள்வியே கிடையாது. கேட்க ஆளும் இல்லை, கேட்கிற காதும் இல்லை. பிறகு நாங்கள் வேதக்காரர்களாகிவிட்டோம், அந்தக் கேள்வியே எங்களை விட்டுப் போனது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவளிடம் வந்து, சாமி எங்கள் தெருவுக்கு வர வேண்டும் என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். ஆனாலும் இளவரசியின் முகம் கண்ணில் நின்றது. உட்கார்ந்து எழுதினேன். நன்றாகவே எழுதினேன். முப்பது வருஷம் நடத்திய பாடம் அதில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டில் மனுவையும் வைத்துக்கொண்டு பத்துப் பேர் போனார்கள். பழைய தெரு நாட்டாமை படித்துப் பார்த்தார். வெற்றிலையை எடுத்துக்கொண்டு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். சாமி ஊர் எல்லையைத் தாண்டாது, எல்லை தாண்டிப் போனவர்கள் வேண்டுமானால் திரும்பி வரட்டும் என்றாராம். தட்டோடு திரும்பி வந்தவர்கள் முகத்தை நான் பார்த்தேன். அதற்கு முன்னால் அவர்களுக்கு வெறும் ஆசைதான் இருந்தது. அன்றைக்குத்தான் அவமானம் வந்தது.

அடுத்த வருஷம் மயில் வாகனத்துக்கு வெள்ளிக் கவசம் போடுவதென்று ஜமக்காளத்தில் முடிவாயிற்று. வரி இரட்டிப்பு. படிக்குக் கீழே நின்ற தனசேகரன், "எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று குரல் கொடுத்தார். "கேக்கறதுக்கா கூப்டோம்? சொல்றதுக்குத்தான் கூப்டோம்" என்றார் நாட்டாமை. இப்படி ஒரு வாக்கியத்தை நான் பாடப்புத்தகத்தில் தேடித் தேடிக் கிடைக்காமல் இருந்தேன்.

அந்த ஆடிக்கிருத்திகை அன்று வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். மேளம் ஆரம்பித்துவிட்டது. பல்லக்கில் சாமி, மல்லிகை, எல்லாம் தயார். தண்டுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு ஆண்கள், அதில் ஏழு பேர் காலனி. பரமசிவம் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார், குனிந்தார், தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்தார். பிறகு நாட்டாமை பக்கம் திரும்பினார்.

"ஐயா, இந்த வருசம் சாமி எங்க பக்கம் வருமா?"

"அதான் சொல்லியாச்சே. தூக்குப்பா."

பரமசிவம் தோளை எடுத்தார். துண்டை உதறி இடுப்பில் கட்டினார். மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக விலகினார்கள். மேளம் தானாக நின்றது. வலது பக்கத் தண்டில் கை வைத்தபடி நின்ற குமரகுருவுக்குத்தான் முதலில் புரிந்தது.

"மாப்ளே, நீ பூட்டா எனுக்கு சோடி யாருபா?"

"நீயும் வா மச்சான். தங்கச்சிக்காகத்தான கேட்டேன்."

குமரகுரு வரவில்லை. எப்படி வருவார்? வீடு, தறி, பெண் கொடுத்த இடம் எல்லாம் அந்தத் தெருவில். தண்டிலிருந்து கையையும் எடுக்கவில்லை. காலனி ஆட்கள் நடந்து வந்தார்கள், நானும் பின்னாலேயே வந்தேன்.  பஸ் ஸ்டாண்டு கிட்ட வந்ததும் பரமசிவம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சத்தமாக அழுதார். ஆறடி மனிதர் அழுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, எந்தப் பக்கம் திரும்பி நிற்பதென்று தெரியவில்லை.

அதன் பிறகு புரட்சிதான். காலனி வரி கட்டுவதை நிறுத்தியது. பழைய தெரு கல்யாணங்களுக்குப் பத்திரிகை வைப்பதை நிறுத்தியது. குமரகுரு தங்கையைப் பார்க்க வருவதை நிறுத்தினார், அல்லது நிறுத்தவைத்தார்கள். அந்த வருஷம் சாமியை டிராக்டரில் வைத்து இழுத்தார்களாம். காலனியில் வீட்டுக்கு வீடு வசூல் செய்து, கும்பகோணம் பக்கம் ஆள் அனுப்பி, வள்ளி தெய்வானையோடு முருகனை வார்த்துக்கொண்டு வந்தார்கள். முதல் தெருவில் சின்னதாகக் கோயில் கட்டினார்கள். எங்கள் சந்திலிருந்து பட்டம்மாள் மகன் விக்ரம் உள்பட நாலு மேஸ்திரிகள் சுவர் எழுப்பினார்கள், பாதிக் கூலிக்கு. அந்த இரண்டு வருஷம் காலனியே ஒரு கல்யாண வீடு மாதிரி இருந்தது. எனக்கு இன்றைக்கும் அந்த நாட்கள் மேல் ஏக்கம் உண்டு. சாயங்காலம் ஆனால் எல்லாரும் அங்கே இருப்போம், யாராவது டீ போடுவார்கள், யாராவது சிமெண்ட் குழைப்பார்கள், பரமசிவம் புதுத் தண்டுக்கு மரம் பார்த்த கதையைச் சொல்லுவார். எந்தத் தெரு, எந்தச் சந்து என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினேழில் முதல் ஆடிக்கிருத்திகை. சாமி போகிற வழியை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினார்கள். முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு. அவ்வளவுதான். நான் இரண்டு தடவை படித்தேன். எதையும் கேட்கவில்லை. கிறிஸ்தவச்சிக்கு இது எதற்கு என்பார்களே என்ற ரோஷம்.

அன்று சாமி பரமசிவம் வீட்டு வாசலில் நின்றது. இளவரசியை நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்திருந்தோம். இடது கையை மட்டும் தூக்கிக் கும்பிட்டாள். தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு முன் தண்டின் வலது பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் இல்லாம வந்திருக்குதே" என்றாள். பரமசிவத்துக்குச் சோடியாக அங்கே தனசேகரன், உயரம் போதாமல் தோளில் இரண்டு துண்டு மடித்து வைத்துக்கொண்டு.

மூன்றாம் தெருக் கடைசியில் எங்கள் சந்து முனை. அங்கே பட்டம்மாள் புதுப்புடவை கட்டி, தேங்காய்த் தட்டோடு நின்றாள். வழி எழுதியதை அவள் படிக்கவில்லை, சுவர் கட்டியது தன் மகன் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். பல்லக்கு முனை வரைக்கும் வந்தது, திரும்பியது, போய்விட்டது. அவள் உடைக்காத தேங்காயோடு வீட்டுக்குள் போனாள். மறுநாள் காலையில் வழக்கம்போல இளவரசியைக் குளிப்பாட்டப் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே பரமசிவம் என் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு மனு எழுதணும்."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான்."

எனக்கு வந்த கோபத்தில் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஒருவாட்டி உங்களுக்காக எழுதினேன். எங்களுக்காக எங்க ஆளுங்க யாரும் எழுத மாட்டாங்க. போங்க" என்று கதவைச் சாத்தினேன். பிறகு கதவுக்குப் பின்னாலேயே நின்று நானும் அழுதேன்.

அவர் எழுதத் தெரியாதவர். சங்கக் கூட்டத்தில் நேராகவே கேட்டார். ஜமக்காளம் விரித்திருந்தார்கள், புது ஜமக்காளம். விக்ரமும் மற்ற மேஸ்திரிகளும் வெளியே நின்றார்கள். நானும் நின்றேன்.

"அந்தச் சந்துக்குப் போற வழக்கம் இல்லண்ணா" என்றார் தனசேகரன்.

"நம்ம சாமிக்கு வயசே ஒரு வருசம்தான். அதுக்குள்ள இன்னாடா வழக்கம்?"

சிரித்தார்கள். ஆனால் முடிவு மாறவில்லை. சந்து குறுகல், தண்டு நீளம் என்று வேறு சாக்குச் சொன்னார்கள். பரமசிவம் வீட்டுக்கு வந்து, அடுத்த வருஷம் தூக்கப் போவதில்லை என்று இளவரசியிடம் சொன்னாராம். "தூக்குங்க. எப்ப எறக்கணும்னு உங்களுக்குத் தெரியும். நான் பாத்துட்டன், பட்டம்மா பாக்கல" என்றாளாம்.

அடுத்த ஆடிக்கிருத்திகை. லேசாகத் தூறல் போட்டுவிட்டு நின்றிருந்தது. நாங்கள் யாரும் சந்தில் கோலம்கூடப் போடவில்லை. பட்டம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மட்டும் வாசலில் நின்றேன், நாதஸ்வரத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல்லக்கு மூன்றாம் தெருவில் வந்தது, இளவரசி வாசலில் நின்றது, மறுபடி கிளம்பியது. சந்து முனைக்கு வந்ததும் பரமசிவம் பக்கத்தில் வந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தண்டுக்கு அடியில் விட்டார். தன் தோளை எடுத்தார். துண்டை உதறிக்கொண்டு எங்கள் சந்துக்குள் நடந்து வந்து என் வீட்டைத் தாண்டி, பட்டம்மாள் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

மாற்றாக வந்தவர் குள்ளம். சாமி இடது பக்கம் சாய்ந்தது. ஐயர் ஒரு கையால் சாமியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். மாலை சரிந்தது. தெரு முழுக்க முருகா முருகா என்று அலறல்.

"அண்ணா, வா அண்ணா! சாமி சாஞ்சிக்கினு இருக்குது!" தனசேகரன் குரல் உடைந்தது.

"நான் இங்க இருக்கேன்பா. சாமிய இங்க கொண்டாங்க. தோள் குடுக்கறேன்."

"விளையாடாதண்ணா!"

பரமசிவம் அசையவில்லை.  அவருக்கு அந்தத் தண்டைவிடப் பெரிதாக உலகத்தில் எதுவுமில்லை. சாமி கீழே விழுந்திருந்தால் அவர் அன்றைக்கே செத்திருப்பார். வேறு வழியில்லாமல் தனசேகரன் சந்துக்குள் காலை எடுத்து வைத்தார். பல்லக்கு சாய்ந்தபடியே பத்தடி சந்துக்குள் வந்தது. பரமசிவம் ஒரே பாய்ச்சலில் தண்டுக்கு அடியில் புகுந்து நிமிர்ந்தார். சாமி நேராக நின்றது.

"சரி, திருப்பு திருப்பு" என்றார் தனசேகரன்.

திருப்ப முடியவில்லை. சந்து குறுகல், தண்டு நீளம். முன் தண்டு என் வீட்டுச் சுவரில் இடித்தது, பின் தண்டு எதிர்ச்சுவரில் இடித்தது. சாமியைப் பின்னால் நடத்துவது கூடவே கூடாது. தனசேகரன் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி ஊத ஆரம்பித்துவிட்டார்கள். சந்தின் அந்தக் கடைசி வரைக்கும் போனால்தான் வாய்க்கால் ரோட்டில் திரும்ப இடம். நடுவில் எங்கள் இருபத்தேழு வீடுகள்.

பட்டம்மாள் கதவைத் திறந்தாள். தலை கலைந்து, பழைய புடவையில், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே ஓடித் தேங்காய் எடுத்து வந்தாள். என் வீட்டில் கற்பூரமா இருக்கிறது? நான் பின்கட்டுக்கு ஓடி ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்து தூக்குகிறவர்கள் காலில் ஊற்றினேன். பரமசிவம் காலில், பின்னால் வந்தவர்கள் காலில், தனசேகரன் காலிலும் ஊற்றினேன். கண்ணீர் மறைத்ததால் அவர் வேட்டி எல்லாம் நனைந்துபோயிற்று.

"போதும் டீச்சர், வழுக்குது" என்றார் தனசேகரன். அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

 பரமசிவம் நிமிர்ந்து சந்தின் நீளத்தைப் பார்த்தார், முதல் அடி எடுத்து வைத்தார். பல்லக்கு அடுத்த வாசலுக்கு நகர்ந்தது. ஒரு வீட்டையும் விடாமல், இருபத்தேழு வாசலிலும் நின்று போனது.